கிறிஸ்துமஸ் பரிசு: 48 பொட்டலமா, 16 பொட்டலமா?

போன ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து, குடிலைப் பிரித்து, சுரூபங்களைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிய அன்றைக்குத்தான் கணக்கு நோட்டை எடுத்தேன். காரைக்குடியில் குடியிருந்தால் எழுதி வைக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொள்கிறது. நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் எதிர்வீட்டு ஆச்சி நாலணாப் பச்சைமிளகாயைக்கூட எழுதி வைப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நானும் எழுதுகிறேன்.

நோட்டில் இருந்தது இது. எங்கள் நாலு பேருக்கும் துணி 9,600. பலகாரமும் கேக்கும் 3,800. நட்சத்திரம், சீரியல் பல்பு, குடிலுக்கு வைக்கோல் என்று 900. சொந்தக்காரர்களுக்குப் பரிசு 8,100. ஞானஸ்நானத்தில் நான் பொறுப்பேற்ற ஞானப்பிள்ளைகள் இருவருக்கு 1,200. பளபளத் தாளுக்கும் நாடாவுக்கும் மட்டும் 300. ஆக 23,900 ரூபாய். டிசம்பர் சம்பளம் 20ஆம் தேதியே தீர்ந்துபோய், ஜனவரியில் பள்ளிக்கூட வேனுக்குக் கட்ட என் மோதிரம் அடகுக்குப் போயிருந்தது. பண்டிகைக்கு வாங்கின கடன் பொங்கலைத் தாண்டியும் வீட்டில் உட்கார்ந்திருந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

எதைக் குறைப்பது என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பத்து மாதமாக வீட்டில் நடக்கிறது. துணியைக் குறைக்க முடியாது. நடுச்சாமப் பூசைக்குக் கோடி உடுத்தாமல் பிள்ளைகள் கோயிலுக்கு வர மாட்டார்கள். பலகாரத்தைக் குறைத்தால் தெருவுக்கு முகம் காட்ட முடியாது. மிச்சம் பரிசுதான். பரிசுக்குள்ளேயே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நாங்கள் செய்தோ, செய்தவர்களைப் பார்த்தோ, கணக்குப் போட்டோ எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், கணக்கே அதில்தான் இருக்கிறது. தேவகோட்டையில் மூத்தாரும் ஓரகத்தியும், அவர்களோடு நான் அத்தை என்று கூப்பிடும் எங்கள் மாமியார், பிள்ளைகள் இரண்டு. காரைக்குடியில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு. திருச்சியில் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும், பிள்ளைகள் இரண்டு. சென்னையில் கொழுந்தன், அவர் மனைவி, ஒரே பையன். பெரியவர்கள் 9, பிள்ளைகள் 7. ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் வாங்குகிறது என்றால் தேவகோட்டையிலிருந்து 11, எங்களிடமிருந்து 12, திருச்சியிலிருந்து 12, சென்னையிலிருந்து 13. கூட்டினால் 48 பொட்டலம். இருப்பதோ 16 பேர்.

இத்தனைக்கும் பரிசு என்பதே எங்கள் வீட்டில் புது வழக்கம். அத்தை காலத்தில் கிறிஸ்துமஸ் என்றால் ஒரு துணி, ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு, பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு, அவ்வளவுதான். கொழுந்தனுக்குச் சென்னையில் வேலை கிடைத்த முதல் வருஷம் எல்லோருக்கும் தாளில் சுற்றிய பெட்டி கொண்டு வந்தார். ஆசையாகத்தான் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அவருக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியுமா? மூத்தார் செய்தார், பிறகு நாங்கள், பிறகு நாத்தனார். இந்த ஊரில் கொடுத்தது எதுவும் கொடுத்ததோடு நிற்காது. மொய் நோட்டு இருக்கிற ஊர். அட்டைப்பெட்டிக்கு நோட்டுப் போடவில்லையே தவிர, எல்லோர் மனசிலும் சிட்டை இருந்தது.

அதனால்தான் முதல் வழி தோற்றது. முதல் வழி, எல்லோருக்கும் எல்லோரும் வாங்குவது, ஆனால் விலையை இறக்குவது. மூன்று வருஷத்துக்கு முன் ஓரகத்தியும் நானும் பேசி, ஆளுக்கு 300 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 300 ரூபாய்க்கு ஒரு பெரிய ஆளுக்கு என்ன வாங்குவது? சுவர்க்கடிகாரம், ஹாட்பாக்ஸ், பீங்கான் கோப்பை, எவர்சில்வர் டப்பா. வேண்டியது யாருக்கும் கிடைக்கவில்லை, வேண்டாதது எல்லோருக்கும் கிடைத்தது. நான் ஒரு படி மேலே போய், பாத்திரக் கடையில் டப்பாக்களில் பெயர் வெட்டியும் கொடுத்தேன். இங்கே பாத்திரம் என்றால் பெயர் வெட்டித்தானே பழக்கம். பெயர் வெட்டினதை இன்னொருவருக்குத் தள்ளிவிடவும் முடியாது. தேவகோட்டைப் பரணில் மூத்தார் பெயரோடு அது இன்னும் இருக்கிறது. அதோடு 300 என்பது ஒரே வருஷம்தான் நின்றது. நாத்தனார் தன் அண்ணன் பிள்ளைகளுக்கு 500 ரூபாயில் வாங்கி வர, நாங்கள் ஏற, மறுபடி 700க்கு வந்து நின்றோம். விலையை இறக்குவதற்கு எட்டுப் பெரியவர்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஒருவர் மீறினாலும் மற்ற ஏழு பேரும் கூச்சத்தில் ஏறிவிடுவார்கள்.

இரண்டாவது, பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குவது. கேட்க நன்றாக இருக்கிறது, பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் இடித்தது. மூத்தாரின் பெரிய மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் பிள்ளையா, பெரியவளா? பிள்ளை என்றால் அவளுக்குக் கோபம், பெரியவள் என்றால் ஓரகத்திக்குக் கோபம். இன்னொன்று அத்தை. எல்லோரும் பெட்டியைப் பிரிக்கும்போது அவர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு எதுக்குத்தா, வயசான காலத்துல” என்றுதான் சொன்னார். அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மூன்றாவது, கவரில் பணம். இதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். ஆண்களுக்குப் பிடித்த வழி. கடைக்குப் போக வேண்டாம், தாள் சுற்ற வேண்டாம். பிள்ளை ஒன்றுக்கு ஒவ்வொரு வீடும் 500 என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாங்கள் ஐந்து பிள்ளைகளுக்கு 2,500 கொடுப்போம். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று வீட்டிலிருந்தும் 3,000 வரும். தேவகோட்டைக்கும் திருச்சிக்கும் இதே கதை. சென்னைக் கொழுந்தன் ஆறு பிள்ளைகளுக்கு 3,000 கொடுத்து, தன் ஒரே பையனுக்கு 1,500 வாங்குவார். அதாவது மூன்று வீடுகள் ஆளுக்கு 500 ரூபாய் லாபம் பார்க்கும், ஒற்றைப் பிள்ளைக்காரர் 1,500 இழப்பார். மிச்சப் பணமெல்லாம் ஒரு கவரிலிருந்து இன்னொரு கவருக்குப் போய்த் திரும்பி வரும். இதற்குப் பெயர் மொய்தான், பரிசு இல்லை. கல்யாண மொய்யிலாவது ஒருவருக்குத் தேவையான நேரத்தில் மொத்தமாகக் கைக்கு வரும். அது ஒரு வகைச் சேமிப்பு. இது ஒரே ராத்திரியில் வந்து ஒரே ராத்திரியில் போய்விடும்.

பணம் சரியாக இருப்பது ஓர் இடத்தில்தான், ஞானப்பிள்ளைகளுக்கு. அங்கே திருப்பிச் செய்கிற பேச்சே இல்லை. ஞானத்தாய் கொடுப்பாள், பிள்ளை வாங்கும். அந்த 1,200இல் நான் கை வைக்கப் போவதில்லை.

நாலாவது வழிக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது. கையால் பலகாரம் செய்து அதையே பரிசாகக் கொடுப்பது. மாவுருண்டை, சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம். திருச்சிக்காரர்களும் சென்னைக்காரர்களும் இவற்றுக்காக உயிரை விடுவார்கள். கடையில் வாங்கினால் என்ன ஆகும், வீட்டில் செய்தால் என்ன ஆகும் என்று தீபாவளிச் சமயத்தில் எதிர்வீட்டு ஆச்சியோடு உட்கார்ந்து ஒரு ஈடு மாவுருண்டைக்குக் கணக்குப் போட்டேன். வறுத்த பாசிப்பருப்பு அரைக் கிலோ, சீனி அரைக் கிலோ, நெய் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மில் கூலி, முந்திரி எல்லாம் சேர்த்து 330 ரூபாய் ஆனது, கைக்கு ஒன்றேகால் கிலோ வந்தது. கிலோ 264. கடையில் நல்ல நெய்யில் செய்தது என்று சொல்லி விற்பது இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவில் பெரும்பங்கு நெய்தான், 200 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும், கேக், பிஸ்கட், சாக்லேட்டுக்கு 18இலிருந்து 5 ஆனதும் உண்மைதான். கடைப் பில்லில் அந்த வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணத்தில் இது வெற்றி. உழைப்பில்? சீடைக்கு மாவை வறுத்து இரண்டு தடவை சலிக்காவிட்டால் எண்ணெயில் வெடிக்கும். ஈரமும் கல்லும் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது. மணகோலம் பஸ்ஸில் திருச்சி போய்ச் சேருவதற்குள் பாதி தூளாகிவிடும். டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, கோயிலில் கேரல் ஒத்திகை, வீட்டில் வெள்ளையடிப்பு. அதில் மூன்று வீட்டுக்கு அடுப்படியில் நின்றால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் இடுப்புவலித் தைலத்தோடுதான் பூசைக்குப் போவேன். இதில் யாரும் பேசாத இன்னொரு கணக்கும் உண்டு. பலகாரம் பரிசானால் செலவு வீட்டுக்காரரின் சம்பளத்திலிருந்து என் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். குறைந்துவிட்டது என்று ஆண்கள் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் தெருவுக்கும் கோயிலாட்களுக்கும் பலகாரத்தைப்போல எதுவும் வராது. இங்கே ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தால் அது எதையாவது சுமந்துகொண்டு திரும்பி வரும், பிறகு நாம் ஒன்று செய்ய வேண்டும். ஓலையில் முடைந்த கொட்டானில் கொடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நல்ல வேலைப்பாடு உள்ளது விலை ஏறிவிட்டது. உள்ளே இருக்கும் பலகாரத்தைவிடக் கொட்டான் அதிகம். மணி, கம்பளி நூல் வேலை எதுவும் இல்லாத சாதாரண ஓலைக் கொட்டான் சின்னதாக வாங்கினால் கட்டுப்படியாகும். ஆச்சிக்கு மட்டும் நல்லதாக ஒன்று. அவர்கள் வீட்டுப் பிள்ளையார் நோன்பு பல வருஷம் எங்கள் கிறிஸ்துமஸை ஒட்டியே வரும். இழை எடுத்து நோன்பு முடித்த மறுநாள் பொரியும் பணியாரமும் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் தட்டு அங்கே போகும். இதை நான் செலவில் சேர்ப்பதே இல்லை.

ஐந்தாவது, பரிசே வேண்டாம், அந்தப் பணத்தைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது. இது அத்தையின் யோசனை. ஏழைகளுக்காக வாழ்ந்து, 1973இல் இறந்து சருகணியில் அடக்கமான பிரெஞ்சுப் பாதிரியார் லெவே சாமியார்மேல் அத்தைக்குத் தீராத பக்தி, வருஷத்துக்கு ஒரு தடவை கல்லறைக்குப் போகாமல் இருக்க மாட்டார். யோசனையில் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் எட்டு வயதுப் பையனிடம் “உன் பரிசை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துட்டோம்” என்றால் அவனுக்குப் புரியாது, அவன் கொடுத்ததாகவும் ஆகாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் அது நடக்கும். அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஆறாவது, சீட்டுக் குலுக்கல். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கூடிச் செபிக்கிற குழுவில், மூன்று வருஷமாக நடக்கிறது. ஒருவர் பெயரை ஒருவர் எடுத்து, டிசம்பர் முழுக்க அவருக்குத் தெரியாமல் செபித்து, கடைசியில் ஒரு பரிசு கொடுப்பது. அங்கே 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். முதல் வருஷம் ஒருவர் 600 ரூபாய்க்குச் செய்து தன் பெருமையைக் காட்ட, இன்னொருவர் 90 ரூபாய் சோப்புப்பெட்டியோடு முடித்துக்கொண்டார். 90 ரூபாய் வாங்கினவர் இன்றுவரை மறக்கவில்லை. மேல்வரம்பு மட்டும் போதாது, கீழ்வரம்பும் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதை எங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்த்தால்: அத்தையைக் குலுக்கலில் சேர்க்காமல் தனியாக வைத்துவிடுகிறோம். நாலு வீடும் ஆளுக்கு 350 போட்டு 1,400 ரூபாயில் ஒரே ஒரு கண்டாங்கிச் சேலை. போன வருஷம் மூன்று வீட்டிலிருந்து மூன்று சேலை வந்து, அத்தை ஒன்றைக்கூட மடிப்புக் கலைக்கவில்லை. அவருக்குக் கட்டினால் நிற்கிற கனத்த பருத்திதான் வேண்டும், பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும். நாங்கள் வாங்கினது எல்லாம் வழுக்குகிற ரகம். மிச்சம் எட்டுப் பெரியவர்கள், எட்டுச் சீட்டு, 600க்குக் குறையாமல் 700க்கு மேற்படாமல். பிள்ளைகள் ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரே பரிசு, 500 ரூபாயில், 3,500ஐ நாலு வீடும் சமமாகப் பிரித்து 875. கொழுந்தனுக்கு ஒரே பையன் என்பதால் அவருக்கு இதிலும் கொஞ்சம் நட்டம்தான். கேட்டால், “ஆறு பிள்ளைக்குக் கடை கடையா அலையறதுக்கு இது தேவலை அண்ணி” என்றார்.

ஆக அத்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு எட்டு, பிள்ளைகளுக்கு ஏழு, 16 பொட்டலம். 48 மூன்றில் ஒன்றானது. எங்கள் வீட்டுப் பங்கு 1,400, 875, 350 சேர்த்து 2,625 ரூபாய். போன வருஷத்து 8,100க்கு இது எங்கே! ஒருவருக்கு வாங்கும் பொருளின் விலையை நாங்கள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 700 அப்படியே 700தான். ஓர் ஆளுக்காக மட்டும் யோசித்து 700 ரூபாயில் வாங்கினால் உருப்படியான பொருள் வரும். மூத்தாருக்குப் பழைய சாமான்மேல் ஆசை. அவர் பெயர் எனக்கு வந்தால் பழஞ்சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் நுழைந்து எனாமல் தூக்குவாளி ஒன்று பேரம் பேசிவிடுவேன். வெளியூர்க்காரர் மாதிரி கேமராவோடு போனால் மட்டும் அந்தத் தெருவில் விலை கேட்காதீர்கள்.

எல்லாம் சரியாக வருகிறது என்று நினைத்த இடத்தில்தான் முறை என்று ஒன்று குறுக்கே வந்தது. குலுக்கலில் நாத்தனார் பெயர் கொழுந்தனின் மனைவிக்கு வரலாம். அப்படியானால் அண்ணன்மார் இருவரும் தம்பியும் உடன்பிறந்தவளுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று ஆகும். நாத்தனார் வாய் திறந்து கேட்க மாட்டார். அவர் மாமியார் வீட்டில், “இந்த வருஷம் காரைக்குடியிலிருந்து என்ன வந்துச்சு?” என்று கேட்பார்களே, அதற்குப் பதில் வேண்டாமா? என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் இதையே பேசினார். வேறு ஊரில், வேறு சாதி சனத்தில், இது ஒரு பிரச்சினையாகவே இருக்காது. இங்கே பிறந்த வீட்டுச் சீர் என்பது பெண்ணுக்குப் பொருள் இல்லை, அவள் பின்னால் ஆள் இருக்கிறது என்ற சாட்சி.

அத்தைதான் வழி சொன்னார். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரத்தில் பொங்கல். பொங்கல் சீர் எப்படியும் மூன்று வீட்டிலிருந்தும் போகிறது. “ஒரே மாசத்துல ரெண்டு சீரா? பொங்கலுக்குப் போறதுல ஒரு சேலையைக் கூட்டி வச்சு, ஊரறியக் கொடுங்க. கிறிஸ்துமஸுக்குச் சீட்டுல வந்தது வரட்டும்.” நாத்தனாரிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணனுக்கும் இதுல சுமை குறையுமா?” என்று கேட்டார். குறையும் என்றேன். சரி என்றார்.

ஒரு விதிவிலக்கு. குடும்பத்தில் யாருக்காவது தலை கிறிஸ்துமஸ் வருகிற வருஷம் குலுக்கலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். புது மாப்பிள்ளையிடம் ஒரு சீட்டை நீட்டி, உங்களுக்குக் கொழுந்தன் பெயர் வந்திருக்கிறது, 700 ரூபாய்க்குள் வாங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள்! அந்த வருஷச் செலவுக்கு இரண்டு வருஷம் முன்பே சேர்க்க ஆரம்பிக்க வேண்டும், வேறு வழி இல்லை.

சேர்ப்பது என்றதும் அடுத்த ஒப்பீடு வருகிறது. செலவு குறைந்தாலும் டிசம்பரில் ஒரே மாதத்தில் விழுந்தால் மோதிரம் மறுபடி அடகுக்குத்தான் போகும். பக்கத்தில் கேட்டால் நாலு வழி சொல்வார்கள்.

கிரெடிட் கார்டு வேண்டாம் என்பேன். முழுத்தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவர்களுக்குப் பரவாயில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டித் தள்ளினால் மாதம் மூன்றரை சதவீதம் என்பது சாதாரணம். 10,000 ரூபாய்க்கு மாதம் 350, அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63, ஆக 413. இந்த ஊரில் கந்துவட்டியை வாய்கூசாமல் திட்டுகிறவர்கள் இந்த 413ஐ மாதாமாதம் சத்தமில்லாமல் கட்டுகிறார்கள்.

பண்டிகைச் சீட்டு. மாதாமாதம் கட்டினால் பண்டிகைக்குத் துணியும் மளிகையும் தருவதாகச் சொல்வது. எங்கள் தெருவில் ஒருவர் பிடித்தார். நானும் பத்து மாதம் கட்டினேன், பதினோராவது மாதம் வீடு பூட்டியிருந்தது. கட்டின பணத்தில் கிடைத்தது அவர் கொடுத்த அட்டை மட்டும்தான். சீட்டுதான் வேண்டும் என்றால் 1982ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததாகப் பார்த்துச் சேருங்கள். அதில் நடத்துகிறவர் எடுக்கும் கழிவு 7 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. ஆனால் கிறிஸ்துமஸ் பரிசுக்கு அவ்வளவு பெரிய சீட்டு எதற்கு?

நகைக்கடைத் திட்டம் 11 மாதம் என்பது கணக்குக்குப் பொருத்தமாகத்தான் தெரியும். கடைசியில் கையில் வருவது நகை, பணம் இல்லை. ஞானப்பிள்ளைக்கு மூக்குத்தி எடுக்கிற வருஷம் அது சரி.

மிச்சம் இருப்பது வங்கியில் ஆர்.டி. என்கிற தொடர் வைப்பு. தபால் நிலையத்தில் போட்டால் ஐந்து வருஷம், இடையில் எடுக்க மூன்று வருஷமாவது பொறுக்க வேண்டும்; அதனால் இதற்கு வங்கிதான் சரி, பல வங்கிகளில் ஆறு மாதத்திலிருந்தே போடலாம். ஜனவரியில் தொடங்கி மாதம் 500 வீதம் பதினோரு மாதம் கட்டினால் 5,500, ஆறரை சதவீத வட்டி என்றால் மேலே ஒரு 170, 180 ரூபாய் கிடைக்கும். பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வருஷம் எங்கள் பரிசுப் பங்கு, ஞானப்பிள்ளைகள், அத்தை சொன்ன தர்மப் பங்கு எல்லாம் இதற்குள் முடிந்துவிடும். இது தெரிந்திருந்தால் அந்த அட்டைக்காரரிடம் கட்டியிருக்க மாட்டேன்.

துணி விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். டிசம்பரில் போகவில்லை. எனக்கும் அவருக்கும் ஆடித் தள்ளுபடியில் எடுத்தாயிற்று, கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி வழக்கமாகத் தரும் 30 சதவீதத் தள்ளுபடியில் அத்தையின் சேலை ரகத்தையும் பார்த்து வைத்தேன். பிள்ளைகளுக்கு மட்டும் ஆடியில் எடுக்கக்கூடாது. என் மகனுக்கு ஒரு வருஷம் ஆடியில் எடுத்த கால்சட்டை கிறிஸ்துமஸுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. அவர்களுக்குத் தீபாவளிக் கூட்டம் வடிந்த மறுவாரம் போவது நல்லது. கடைக்காரர் மிஞ்சின சரக்கைத் தள்ளுகிற அவசரத்தில் இருப்பார், பேச்சுக்கு இடம் கொடுப்பார்.

குலுக்கலுக்கு நாள் குறித்தாயிற்று. நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து தேவகோட்டையில். திருச்சியும் சென்னையும் வீடியோவில் வருவார்கள், அவர்களுக்கு அத்தை எடுப்பார். தன் வீட்டு ஆள் பெயரே தனக்கு வரக்கூடாது என்பதற்கு மூத்தாரின் மகள் ஒரு வழி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு ஒரு நிறம், நாலு நிறத் தாள். சொந்த நிறம் வந்தால் திரும்பப் போட்டு வேறு எடுப்பது. கடைசி ஆளுக்குச் சொந்த நிறமே மிஞ்சினால் எட்டையும் கலைத்து முதலிலிருந்து எடுப்பது. தாள் வெட்டிக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதோடு, தன் பெயரையும் எழுதி வைத்திருந்தாள். “சித்தி, நான் பெரியவங்க சீட்டுல சேந்துக்கறேன், 700 நான் டியூஷன் எடுத்த காசுல குடுத்துருவேன்.” எட்டு ஒன்பதானது, ஓரகத்தி வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளின் 3,500 மட்டும் 3,000 ஆகிவிட்டதால் 875ஐ 750 என்று நோட்டில் திருத்தி எழுதிக்கொண்டேன்.